அளம் முதல் அடுக்களை வரை: மரக்காணக் கடற்கரையை முன்வைத்து உப்பின் அறியப்படாத தோற்றங்கள்

ஆய்வுச் சுருக்கம்

நாள்தோறும் கைக்கு எட்டும் பொருள்களுள் உப்பளவு பழகியதும் உப்பளவு ஆராயப்படாததும் பிறிதில்லை. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் உப்பளப் பகுதியைக் களமாகக் கொண்டு, சங்ககால உமணர் வணிகம், உப்போடு தொடர்புபடுத்தப்படும் சொற்கள், பாத்தியில் உப்பு பிரியும் முறை, ஆட்சியாளர்தம் உப்புக் கொள்கை, அயோடின் கலந்த பொட்டல உப்பின் வரவு ஆகியவற்றின் தோற்றங்களை இக்கட்டுரை விளக்குகிறது. ‘சம்பளம்’ என்ற சொல்லின் பிறப்புப் பற்றிய கருத்தும், ‘கடலுப்பில் இயற்கையாகவே அயோடின் உண்டு’ என்ற கருத்தும் சான்றுகளின்வழி மறு ஆய்வு செய்யப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மரக்காணம், எயிற்பட்டினம், உமணர், அளம், சேம அச்சு, சம்பளம், போமே அளவை, அயோடின்

முன்னுரை

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போது சாலையின் இருமருங்கும் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்ட நீர்ப்பாத்திகளும், கரையோரம் ஓலையால் மூடப்பட்ட வெண்குவியல்களும் காட்சி தருகின்றன. 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட இவ்வுப்பளப் பரப்பு, தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றை அடுத்துத் தமிழகத்தில் பெயர்பெற்றது. மேற்கே கழுவேலி ஏரி, கிழக்கே வங்கக் கடல், இடையே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் என நீர் சூழ்ந்த நிலம் இது.

உப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தண்டி யாத்திரையில் தொடங்கி வேதாரண்யத்தில் முடித்துவிடுவர். விடுதலைப் போராட்ட வரலாற்றில் அவற்றுக்குள்ள இடம் பெரிது. ஆயினும், அடுக்களையில் இன்று இருக்கும் உப்பு எப்படி இவ்வடிவம் பெற்றது என்ற வினாவுக்கு அவ்வரலாறு மட்டும் விடை தராது. அவ்விடையின் கூறுகள் சிறுபாணாற்றுப்படையிலும், பாரிஸ் மருந்தாளர் ஒருவரின் ஆய்வுக்கூடத்திலும், இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கிலும், குசராத்தின் சோடா ஆலை ஒன்றிலும் சிதறிக் கிடக்கின்றன.

எயிற்பட்டினமும் உமணர் வண்டியும்

ஓய்மானாட்டு நல்லியக்கோடனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது. அதில் இடம்பெறும் நெய்தல் நிலத்து ஊராகிய எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்துவது ஆய்வாளர் பலரும் ஏற்கும் கருத்து. கிடங்கில் என்னும் ஊர் திண்டிவனத்தை ஒட்டியும், இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கேயும் அமைந்திருத்தல் இதற்கு அரண் செய்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடற்பயண நூல்’ குறிப்பிடும் சோபட்மா என்ற துறைமுகமும் இதுவே என்பாருளர். ‘சோ’ என்பதற்குத் தமிழில் மதில் என்னும் பொருள் உண்மையால், எயில், சோ ஆகிய இரண்டும் ஒருபொருட் சொற்களாக அமைகின்றன என்பது அவர்தம் வாதம்.

எயிற்பட்டினத்துக்குச் செல்லும் பாணனுக்குப் பரதவர் குடியிருப்பில் கள்ளும், உலர்ந்த குழல்மீனைச் சுட்ட உணவும் கிடைக்கும் என்று இந்நூல் கூறுகிறது. இன்றைய கருவாட்டின் முன்னோடியை இங்குக் காணத் தோன்றும். எனினும் அம்மீன் உப்பிட்டு உலர்த்தப்பட்டதா, வெறும் வெயிலில் உணக்கப்பட்டதா என்பதைப் பாடல் சொல்லவில்லை. ஆகவே அதனை உப்பிட்ட கருவாடு என்று எழுதிவிடுவது பாடல் தராத செய்தியைப் பாடலின்மேல் ஏற்றுவதாகும்.

உப்பைப் பற்றிய ஐயமற்ற செய்தி அதே நூலின் முற்பகுதியில் உள்ளது. உப்பு வணிகராகிய உமணர் தம் குடும்பத்தோடு வண்டிகளில் செல்கின்றனர். அவர்கள் பிள்ளைபோல வளர்த்த பெண்குரங்கு ஒன்று அவர்தம் சிறுவரோடு சேர்ந்து முத்தை வைத்துக் கிலுகிலுப்பை ஆடுகிறது. பெரும்பாணாற்றுப்படை இவ்வண்டியை இன்னும் நெருங்கி நின்று காட்டுகிறது. கோழிக்கூடு கட்டிய வண்டி, முன்புறத்தில் தொங்கும் காடிக் கலம், கைக்குழந்தையோடு எருதுகளை ஓட்டிச் செல்லும் பெண் என அது விரிகிறது. வண்டியே வீடாக, வழியே ஊராக வாழ்ந்தவர்கள் இவர்கள் என்பது புலப்படுகிறது.

உப்பை விளைவித்தவரும் விற்றவரும் வேறு வேறு பிரிவினராக இருந்தமையை நற்றிணை 331ஆம் பாடல் தெளிவாக்குகிறது. உலோச்சனார் பாடிய அப்பாட்டில், ஏர் பூட்டாமலே விளைவு காணும் உப்பு விளைஞர், உமணரின் வண்டிகள் வரும் காலத்தை எதிர்நோக்கிக் கானலில் உப்பைக் குவித்துக் காத்திருக்கின்றனர். விளைந்ததை உடனே விற்கவியலாமல் வாங்குவோர் வரவுக்காகக் காத்திருக்கும் நிலை இன்றைய மரக்காணத்துக்கும் புதிதன்று. அம்மூவனாரின் அகநானூற்றுப் பாடல்கள் (140, 390) நெல்லுக்கு உப்பு சமஅளவில் மாற்றப்பட்டதைக் கூறுகின்றன. நற்றிணை 183 தம் நாட்டு வெண்ணெல்லைக் கொண்டுவந்து பிறநாட்டு உப்பைக் கொள்ளும் உமணரைப் பேசுகிறது. பட்டினப்பாலை, உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகளைப் புகாரில் காட்டுகிறது. வண்டி வழி, நீர் வழி ஆகிய இரண்டுமே உப்புக்குத் திறந்திருந்தன.

இவ்வண்டிகளைப் பற்றிய செய்திகளுள் வியப்புக்குரியது புறநானூறு 102இல் உள்ளது. பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், அவனுக்கு உவமையாகக் கொள்வது படைக்கருவியையோ விலங்கையோ அன்று. உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிவைத்திருக்கும் சேம அச்சை. எருதுகள் இளையவை, ஏற்றிய பாரம் மிகுதி, வழியோ மேடும் பள்ளமும். எந்த இடத்தில் அச்சு முறியும் என்று யாரறிவார் என எண்ணி, மாற்று அச்சு ஒன்றை முன்கூட்டியே உடன்கொண்டு செல்வது உமணர் வழக்கம். மாற்று உறுப்பை வண்டியோடு சேர்த்தே எடுத்துச் செல்லும் எண்ணம் தமிழில் பதிவாகியுள்ள பழைய இடம் இது எனலாம்.

இன்றைய ஓட்டுநர் ‘ஸ்டெப்னி’ என்று வழங்கும் மாற்றுச் சக்கரம் இதே தேவையிலிருந்து எழுந்தது. 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் டேவிஸ் உடன்பிறந்தார் ஆரம் இல்லாத மாற்றுச் சக்கரம் ஒன்றை உருவாக்கினர். அவர்களது பணிமனை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரே பொருளுக்கும் ஆயிற்று. தோன்றிய நாட்டில் அச்சொல் ஏறத்தாழ மறைந்துவிட, இந்தியச் சாலைகளில் அது நிலைத்துள்ளது. உமணரின் சேம அச்சுக்கும் வேல்ஸ் நாட்டுச் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ‘தமிழனே முதலில் கண்டான்’ என்று கூற இதில் இடமுமில்லை. நெடுவழியில் பாரம் ஏற்றிச் செல்வோர் எக்காலத்தும் ஒரே அச்சத்தை அடைந்து ஒரே தீர்வைக் கண்டனர் என்பதே இதனால் பெறப்படும் செய்தி. ‘சேம அச்சு’ என்ற சங்கச் சொற்சேர்க்கை மட்டும் ஸ்டெப்னிக்கு நல்ல தமிழ்ச் சொல்லாகும் தகுதியோடு காத்திருக்கிறது.

உப்பிலிருந்து பிறந்தனவும் பிறவாதனவும்

உப்பு விளையும் நிலத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் அளம். உப்பளம் என்ற இன்றைய வழக்கில் அது ஒட்டி நிற்கிறது. கோவளம், பேரளம் முதலிய ஊர்ப்பெயர்களை இச்சொல்லோடு தொடர்புபடுத்துவதுண்டு. கடற்கரைக் கோவளத்துக்கு இது எளிதிற் பொருந்தினும், உள்நாட்டில் அமைந்த பேரளம் போன்றவற்றுக்குக் கல்வெட்டுச் சான்றோ நிலச் சான்றோ வேண்டும். ‘அளம்’ என்னும் ஈறு கண்ட மாத்திரத்தே உப்பளம் என முடிவு செய்வது முறையன்று.

இதனினும் பரவலானது ‘சம்பளம்’ பற்றிய விளக்கம். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகத் தரப்பட்டமையால் சம்பா, அளம் ஆகிய இரண்டும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்பது தேவநேயப் பாவாணர் தந்த விளக்கம். இன்று மேடைகளிலும் பாடநூல் துணைக்கட்டுரைகளிலும் ஐயமின்றி எடுத்தாளப்படுகிறது. கேட்ட அளவில் மனத்தைக் கவர்வது; ஆங்கிலத்தில் ஊதியத்தைக் குறிக்கும் ‘சாலரி’ என்ற சொல்லும் உப்பிலிருந்து பிறந்தது என்ற செய்தி அதற்குத் துணை நிற்பதுபோலத் தோன்றுகிறது.

ஆயினும் தடைகள் மூன்று உள. முதலாவது, வடமொழியிலும் பாலியிலும் ‘சம்பல’ என்ற சொல் வழிச்செலவுக்கான உணவைக் குறித்துப் பழமையாகவே வழங்குகிறது. வழியுணவு படியாகவும், படி ஊதியமாகவும் பொருள் விரிதல் இயல்பானது. தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றிலும் இச்சொல் ஊதியப் பொருளில் உள்ளது. இரண்டாவது, சங்கப் பாடல்கள் நெல்லைச் செந்நெல், வெண்ணெல், ஐவனம் என்றே பேசுகின்றன. உப்பும் நெல்லும் மாறிய காலத்தோடு சம்பா என்ற பெயரைப் பொருத்துதல் எளிதன்று. மூன்றாவது, அளம் என்பது முதன்மையாக நிலத்தின் பெயர். நிலத்தைக் குறித்த சொல் அளந்து தரப்படும் பொருளைக் குறித்ததாகக் கொள்ள இடைநிலைச் சான்று வேண்டும். இம்மூன்றையும் கடக்கும்வரை பாவாணர் கருத்தை ஓர் ஊகமாகக் கொள்வதே தகும். உப்பும் நெல்லும் கூலியாகத் தரப்பட்டிருக்கலாம் என்ற சமூகச் செய்தி இதனால் பொய்யாவதில்லை. அச்செய்திக்குச் சொற்பிறப்பு சான்றாகாது என்பதே கூறத்தக்கது.

துணைநிற்கும் உரோமைச் சான்றும் கருதப்படும் அளவு உறுதியுடையதன்று. இலத்தீனில் ‘சாலாரியம்’ என்பது ‘சால்’, அதாவது உப்பு, என்பதிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை, கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் இத்தொடர்பைக் குறிப்பிடுகிறார். ஆனால் உரோமைப் படைவீரர் உப்புக்கட்டிகளையே ஊதியமாகப் பெற்றனர் என்ற கதைக்குப் பழஞ்சான்று இல்லை. அவர்கள் நாணயத்திலேயே ஊதியம் பெற்றனர். ஒரு மொழியின் உறுதிப்படாத கதையை மற்றொரு மொழியின் உறுதிப்படாத கதைக்குச் சான்றாக வைக்கும் போக்கு சொல்லாய்வில் புதிதன்று.

உப்பிலிருந்து உண்மையில் பிறந்த சொல் ஒன்று பலரும் எதிர்பாராத இடத்தில் உள்ளது. அழகைக் குறிக்கும் ‘லாவண்யம்’ என்பது ‘லவணம்’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. உப்புத்தன்மை என்பதே அதன் முதற்பொருள். சுவை கூட்டும் தன்மை அழகுக்கு ஆகிவந்தது. ஊடலின் அளவுக்கு உப்பின் அளவை உவமை காட்டும் திருவள்ளுவரும் (1302) இதே உணர்வில் நின்றே பேசுகிறார். குசராத்தி மொழியில் உப்பைக் குறிக்கும் ‘மீட்டு’ என்ற சொல்லுக்கு இனிமை என்ற பொருளும் உண்டு.

தமிழில் உப்பு என்பது கறியுப்பை மட்டும் குறித்து நின்றுவிடவில்லை. வெடியுப்பு, இந்துப்பு, பேதியுப்பு எனப் படிகமாக உறையும் பலவற்றுக்கும் அது பொதுப்பெயராயிற்று. சிந்து நாட்டிலிருந்து வந்த பாறையுப்பே இந்துப்பு. பேதியுப்பாகிய மக்னீசியம் சல்பேட்டு, 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எப்சம் ஊற்றுநீரிலிருந்து மருந்தாகப் பெயர்பெற்றது. அதே பொருள் மரக்காணப் பாத்திகளில் உப்பை வாரிய பின் எஞ்சும் கசப்பு நீரில் கரைந்து கிடக்கிறது.

பாத்தியின் கணக்கு

கடல்நீரைத் தேக்கி வைத்தால் வெயில் நீரைக் குடித்துவிடும், உப்பு எஞ்சும் என்பது பொதுவான எண்ணம். அவ்வாறு முற்ற உலரவிட்டால் கிடைப்பது உண்ணத்தகாத கசப்புக் கலவையே. உப்பு விளைவித்தல் என்பது நீரை உலர்த்தும் கலை என்பதைவிட, உரிய நேரத்தில் நிறுத்தும் கலை என்பதே பொருந்தும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் சோடியம் குளோரைடு ஆகிய கறியுப்பு சுமார் 27 கிராம். நீர் பாதியாகச் சுண்டும்போது சுண்ணாம்புக் கார்பனேட்டும், ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சமும் படிகின்றன. பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதே கறியுப்பு படிகமாகத் தொடங்குகிறது. அதற்குமேல் உலரவிட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படியும்; உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசியும். எனவே நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றிக்கொண்டே சென்று, சுண்ணமும் ஜிப்சமும் முந்தைய பாத்திகளில் தங்க, கறியுப்பு மட்டும் இறுதிப் பாத்தியில் விளையுமாறு செய்கின்றனர். கசப்பு நீர் எஞ்சும் நிலையில் அதனை வெளியேற்றிவிடுவர். வரப்புகளும் மடைகளும் கூடிய உப்பளம், சோடியத்தை மக்னீசியத்திலிருந்து பிரிக்கும் வேதியியல் ஆலையேயாகும். எரிபொருள் மட்டும் விலையின்றிக் கிடைக்கிறது.

இப்படிநிலைகளை உப்பளங்களில் ‘டிகிரி’க் கணக்கில் கூறுவர். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. 25 டிகிரியை எட்டும்போது உப்பு பூக்கும். 29, 30 என ஏறினால் கசப்பு கலக்கும். இந்த டிகிரி வெப்பத்தின் அளவன்று; நீரின் அடர்த்தியின் அளவு. இதனை 1768இல் வகுத்தவர் பாரிஸ் நகர மருந்தாளரான அந்துவான் போமே. மருந்துக் கரைசல்களை அளக்க எல்லா இடத்திலும் ஒத்த அளவுகோல் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. தூய நீரில் மிதப்புமானி நிற்கும் இடத்தைச் சுழி என்றும், நூற்றுக்குப் பதினைந்து பங்கு கறியுப்புக் கரைந்த நீரில் அது நிற்கும் இடத்தைப் பதினைந்து என்றும் கொண்டு இடைவெளியைச் சமமாகப் பிரித்தார். உப்பளத் தொழிலாளி நீரை அளக்கும் கோல் உப்பு நீரைக் கொண்டே வகுக்கப்பட்டது என்பது சுவையான செய்தி. கருவி எதுவுமின்றி, நீரின் நிறத்தையும் காலில் அது படும் தன்மையையும் கொண்டே பதம் அறியும் பட்டறிவு இக்கோலுக்கு மூத்தது.

இத்தொழிலுக்குப் பகை மழை. தமிழகக் கிழக்குக் கரையில் தை, மாசியில் பாத்திகளைச் செப்பனிட்டுத் தொடங்கும் பருவம் புரட்டாசி வரை நீடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நின்றுவிடுகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் பெருமழை மரக்காணப் பகுதியையும் தாக்கியது.

வரியும் கால்வாயும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘உப்பாயம்’ என்ற வரி குறிக்கப்படுகிறது. உப்பின்மீது வரி விதிப்பது ஆங்கிலேயர் கண்டுபிடிப்பன்று. ஆங்கிலேயர் செய்தது வேறு: 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பை அரசின் முற்றுரிமை ஆக்கினர். விளைவித்தவர் அரசுக்கே விற்க வேண்டும். உண்பவர் அரசு வைத்த விலைக்கே வாங்க வேண்டும். மரக்காணத்துக்கு அணித்தே பிரெஞ்சுப் புதுச்சேரி இருந்தமை இம்முற்றுரிமைக்கு இடையூறு ஆயிற்று. அங்கு விளையும் மலிவான உப்பு எல்லை கடந்து வரும் என்ற அச்சம் நிலவியது. 1815ஆம் ஆண்டு உடன்பாட்டையும் அதனைத் தொடர்ந்த 1818ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் கொண்டு, ஈட்டுத்தொகை தந்து பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு உற்பத்தியை ஆங்கிலேயர் நிறுத்தச் செய்தனர்.

ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் தொடங்கி ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணப் பகுதியே. 1806 அளவில் சென்னைக்கு வடக்கே தனியார் கால்வாயாகத் தொடங்கிய இது, 1876–78 பெரும்பஞ்சத்தின்போது கூலிக்கு மண்வெட்டிய மக்களின் உழைப்பால் சென்னை நகருக்குள் இணைக்கப்பெற்று, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் இதன்வழிப் படகுகளில் சென்னைக்குச் சென்றன. நெல்லோடு திரும்பிய பட்டினப்பாலைப் படகுகளின் வழித்தோன்றல்கள் என்று அவற்றைக் கொள்ளலாம்.

1930 ஏப்பிரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து இராசாசி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் ஏப்பிரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய வரலாறு பரவலாக அறியப்பட்டது, விரித்தல் வேண்டா. உப்பு வரி 1947இல் நீக்கப்பட்டது. அள்ளிய உப்பின் வேதியியல் இயல்பு அன்று எவருக்கும் ஒரு பொருட்டாகவில்லை. அரை நூற்றாண்டு கழித்து அதுவே வழக்காடும் பொருளாயிற்று.

மலைநோயும் கடலுப்பும்

1811இல் பிரான்சு நாட்டில் பெர்னார் கூர்த்துவா என்பவர் நெப்போலியனின் போர்களுக்கு வேண்டிய வெடியுப்பைத் தயாரித்துவந்தார். கடற்பாசிச் சாம்பலோடு கந்தக அமிலத்தை அளவுக்கு மீறிச் சேர்த்தபோது ஊதா நிற ஆவி எழுந்து கருநிறப் படிகமாகப் படிந்தது. ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அப்பொருள் அயோடின் எனப் பெயர் பெற்றது. 1820இல் செனீவா மருத்துவர் குவாந்தே அதனைக் கழுத்துக் கழலைக்கு மருந்தாக்கினார். வெடிமருந்து ஆலையில் தற்செயலாகத் தோன்றிய பொருள், நூறாண்டு கடந்து 1922இல் சுவிட்சர்லாந்திலும் 1924இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் சமையல் உப்புக்குள் புகுந்தது.

கழலை நோய் மலைநாடுகளில் மிகுதி. பனியும் மழையும் மண்ணிலிருந்து அயோடினைக் கழுவிச் செல்வதே காரணம். 1956இல் இமாசலப் பகுதியின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. இராமலிங்கசுவாமி குழுவினர், சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் ஒரு பகுதிக்கு வெறும் உப்பையும் வழங்கி ஆய்ந்தனர். அயோடின் பெற்ற பகுதிகளில் கழலை குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் அயோடைடு நில்லாது என்பதால் பொட்டாசியம் அயோடேட்டு தேர்ந்தெடுக்கப்பட்டது.

மருந்தை உப்பில் ஏற்றியதன் காரணம் எளிது. ஏழையும் செல்வரும் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்பது உப்பு ஒன்றே. ஆகவே அளவு பிறழாமல் அனைவரையும் சென்றடையும் ஊர்தியாக அது அமைந்தது.

இங்கே எழும் தடை, கடற்கரை மக்களிடம் பரவலாகக் கேட்கப்படுவது: ‘கடலிலிருந்து எடுக்கும் உப்பில் இயற்கையாகவே அயோடின் உண்டு; மேலும் எதற்கு?’ இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் ஏறத்தாழ 0.06 மில்லிகிராம்; உப்புகள் 35 கிராம். அயோடின் முழுவதும் உப்போடு தங்கிவிட்டதாகவே கொண்டாலும், ஒரு கிலோவில் கிடைப்பது இரண்டு மில்லிகிராமுக்கும் குறைவு. உண்மையில் அதன் பெரும்பகுதி படிகத்தில் சேராது, வெளியேற்றப்படும் கசப்பு நீரோடு சென்றுவிடுகிறது. நுகர்வோரிடம் சேரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்திய அளவீடு. நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்பவருக்கு அவ்வளவில் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். வளர்ந்தவரின் நாள் தேவையும் அதுவே. கருவுற்ற பெண்ணின் தேவை 250 மைக்ரோகிராம். குறைபாடு கருவின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். கடலில் அயோடினைச் சேமித்து வைப்பவை பாசியும் மீனும், உப்பு அன்று. ‘இயற்கை’ என்ற முத்திரையோடு இன்று உயர்ந்த விலைக்கு விற்கப்படும் அயோடின் சேராத கல்லுப்பு, இந்தக் கணக்கை மறைத்தே விற்கப்படுகிறது.

ஆயினும் எதிர்ப்பு அறியாமையால் மட்டும் எழுந்ததன்று. அயோடின் சேராத உப்பை உணவுக்காக விற்கும் தடை 1990களின் இறுதியில் நடைமுறைக்கு வந்து, 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் மீண்டும் அறிவிக்கப்பட்டு, 2006 மே மாதத்தில் நடப்புக்கு வந்தது. சிறு அளக்காரர் தெளிப்புக் கருவி, ஆய்வு, பொதி ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டியவராயினர். வணிகம் பெருநிறுவனங்களின் பக்கம் சாய்ந்தது. 2011 சூலையில் உச்சநீதிமன்றம், உணவுக் கலப்படத் தடைச் சட்டம் இத்தகைய தடைக்கு அதிகாரம் அளிக்கவில்லை என்று கூறியது. எனினும் மக்கள் நலன் கருதி ஆறு திங்கள் தடை தொடர இசைந்தது. பின்னர்ப் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளில் தடை நிலைபெற்றது. அறிவியல் ஒரு பக்கமும் சட்டத்தின் வடிவம் மறுபக்கமும் நின்ற இவ்வழக்கில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாத தீர்ப்பு அது.

ஆலையின் மிச்சம் அடுக்களையின் முதல்

மழைக்காலத்தில் கல்லுப்பு கசிவதும், அதனால் உப்பை மரவையிலோ பீங்கான் சாடியிலோ வைப்பதும் தமிழ் அடுக்களையின் பழைய பழக்கம். கசிவுக்குக் காரணம் முன்னர்க் கூறிய மக்னீசியம் குளோரைடு. 1911இல் அமெரிக்காவின் மார்ட்டன் நிறுவனம் மக்னீசியம் கார்பனேட்டைச் சேர்த்து, மழையிலும் உதிரும் தூளுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு மக்னீசிய உப்பு செய்யும் கேட்டை மற்றொரு மக்னீசிய உப்பு தீர்த்தது.

இந்தியாவில் பொட்டல உப்பின் பெயராகவே ஆகிவிட்ட டாட்டா உப்பின் பிறப்பு இதனினும் எதிர்பாராதது. குசராத்தின் மித்தாபூரில் 1939இல் நிறுவப்பட்ட டாட்டா கெமிக்கல்ஸ் சோடா சாம்பல் செய்யும் ஆலை. வறண்ட அப்பகுதியில் கொதிகலன்களுக்கு வேண்டிய நன்னீர் கிடைப்பது அரிது. எனவே கடல்நீரைக் காய்ச்சி நன்னீர் எடுத்தனர். அப்போது மிஞ்சிய தூய உப்பே 1983இல் பொட்டலமாகிச் சந்தைக்கு வந்தது. ஆலை தேடியது நீர். அடுக்களைக்கு வந்தது மிச்சம். மரக்காணத்தில் நீர் வீணாகி உப்பு எஞ்சுகிறது. மித்தாபூரில் நீருக்காக உப்பு எஞ்சியது.

தமிழகத்தில் 1974இல் தோன்றிய தமிழ்நாடு உப்புக் கழகம் இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு விளைவிக்கிறது. 2014இல் அம்மா உப்பு என்ற பெயரில் வந்த வகைகளுள் அயோடினோடு இரும்புச் சத்தும் சேர்த்த உப்பு ஒன்று. காங்ராவில் தொடங்கிய எண்ணத்தின் தொடர்ச்சி அது. நோய் மட்டும் கழலையிலிருந்து இரத்தசோகைக்கு மாறியது.

அளத்தில் எஞ்சுவோர்

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வை இராசம் கிருட்டிணனின் ‘கரிப்பு மணிகள்’ புதினம் (1979) தமிழ் வாசகர்முன் வைத்தது. மரக்காணத்துக்கு அத்தகைய புதினம் வாய்க்கவில்லை. நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. வெண்பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசச்செய்கிறது. அடர்ந்த உப்புநீர் கால் தோலை வெடிக்கச்செய்கிறது. மழை மாதங்களில் வேலையில்லை. அம்மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு அறிவித்துள்ளது.

அருகில் உள்ள கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் அந்நிலத்தைப் பேணுவோரும் அந்நீரையே நம்பியுள்ள அளக்காரரும் ஒரே கழியின் இரு கரைகளில் உள்ளனர்.

உமணர் காலத்தில் உப்பு, விளைந்த துறையின் பெயரோடும் விற்றவரின் குரலோடும் ஊருக்குள் வந்தது. அகநானூற்றுப் பாட்டில் உமணப் பெண்ணின் விலைகூறும் குரல் கேட்டு நாய் குரைக்கிறது. இன்றைய பொட்டலத்தில் அயோடினின் அளவு உண்டு, பொதி செய்த நாள் உண்டு, நிறுவனத்தின் முகவரி உண்டு. எந்த அளத்தில் விளைந்தது என்ற செய்தி மட்டும் அதில் அச்சிடப்படுவதில்லை. தேயிலைக்கும் மஞ்சளுக்கும் வழங்கப்பட்டுள்ள புவிசார் குறியீடு போன்ற ஏற்பாடு, சிறு அளக்காரர் கூட்டுறவுகளின் வழி அயோடின் சேர்ப்பையும் உறுதிசெய்துகொண்டு மரக்காண உப்புக்குப் பொருந்துமா என்பது பொருளியல், வேதியியல், தமிழியல் ஆகிய மூன்று துறையினரும் சேர்ந்து ஆராய வேண்டிய வினாவாகும்.